பேரேடு

சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு,
மரமில்லாத மலை என்று
வெளியூர்க்காரர்கள் வேலூரைக் கிண்டல் செய்வார்கள்.
எங்களுக்கு அது வேதம்.
கோட்டைக்குள் கருவறை ஒருநாளும் காலியாக இருந்ததில்லை,
உலர்த்தி இருந்தாள்.
அகழியில் அவளுக்காக உப்பு நிரப்பியிருந்தோம்.
பாலாறுதான் அவளுடைய முதல் பக்தை;
இரவில் மணல் மட்டும் ஓடும்,
கரையில் நின்றால் சரசரவென்று கேட்கும்.

நாங்கள் ஈரமற்றோர்.
சேருகிற நாளில் ஒரு ஜாடி கொடுப்பார்கள்,
மிச்சமிருக்கும் அழுகையை எல்லாம் அதில் அழுதுவிட வேண்டும்.
என் ஜாடி இருநூற்றுப் பன்னிரண்டு.
பாதிகூட நிரம்பவில்லை என்று
மூத்தவள் முனிரத்தினம்மா மெச்சினாள்.
நெற்றியில் தோல்ஷாப்புச் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினாள்.
எரிந்தது. அழவில்லை.
கையெழுத்து நன்றாயிருந்ததால்
பேரேடு என்னிடம் வந்தது.

அமாவாசைக்கு ஒரு பக்கம்.
எழுதிய பேரை அவள் கூப்பிடுவாள்.
முதலில் பேர் எழுந்து நடக்கும்,
ஆள் அதன் பின்னால் வரும்.
சாந்தமாகத்தான் வருவார்கள்,
செருப்பைக் கோட்டை வாசலில் ஒழுங்காக விட்டுவிட்டு.

அவளுக்கு ஆகாதது ஏமாற்றுப் பேர் ஒன்றுதான்.
மூன்று பிள்ளை போன வீட்டில்
நாலாவதைக் குப்பையில் புரட்டி, மூக்குக் குத்தி,
சாவு சீந்தாமலிருக்கக் குப்பு என்று வைப்பார்களே, அது.
அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடி
லத்தேரி, பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம் என்று
சைக்கிள் மிதித்தேன்.

விரிஞ்சிபுரத்தில் பட்டம்மா
ஷூவின் மேல்தோலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.
மூக்கில் வளையம் போட்ட பையன்
என் சைக்கிள் மணியை விடாமல் அடித்தான்.
"இவனுக்கு நெசப் பேரு இன்னா?"
"வெச்சாதானே சொல்றதுக்கு" என்றாள்
தலை நிமிராமல்.

இரக்கம் வந்தது என்று சொல்லமாட்டேன்.
ஜாடியை மூடி மெழுகு வைத்தாகிவிட்டது.
குப்பு என்று எழுதப் போய்
குப்பை என்று எழுதினேன்.
ஏன் என்று முனிரத்தினம்மா கேட்டாள்.
கை வழுக்கிவிட்டது என்றேன்.
ஈரமற்றவன் கை எப்படி வழுக்கும் என்றாள்.
அதற்குள் உலர்த்தி கூப்பிட்டுவிட்டாள்:
குப்பை!

எழுந்தது.
ராணிப்பேட்டைத் தோல் சீவல், குழியில் ஊறிய சவ்வு,
ஆம்பூர்க் கடைகளில் கடித்துப் போட்ட எலும்பு,
ஆஸ்பத்திரிப் பஞ்சு, சீழ்பட்ட கட்டுத்துணி,
சலூன் மயிர், அறுந்த வார், உடைந்த வளையல்,
பேரணாம்பட்டுக் கல்யாணத்து எச்சிலிலை எல்லாம்
பாலாற்று மணலில் இறங்கி வரிசையாக வந்தன.
சாந்தமாகத்தான் வந்தன.
கூப்பிட்டதை உண்ணாமல் விட அவளுக்கு விதியில்லை.
விடிய விடியத் தின்றாள்.
முனிரத்தினம்மா கதவைச் சாத்தப் பார்த்தாள்;
அவளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனது
எச்சிலிலைக் கும்பல்.

பிறகு பதினொரு நாள் ஊரில் யாரும் சாகவில்லை.
முதல் நாள் மேளம் அடித்தார்கள்.
மூன்றாம் நாள் பாடை கட்டுகிறவன் கடன் கேட்டு வந்தான்.
ஏழாம் நாளிலிருந்து ஆஸ்பத்திரித் தெருவில்
எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்தியே வைத்தார்கள்,
சத்தம் அப்படி.

பதினொன்றாம் நாள் ராத்திரி பட்டம்மா வந்தாள்.
தோளில் பையன் தூங்கினான்.
புருஷன் பாய்லரில் வெந்தவன்,
எட்டு நாளாய் வாழையிலையில் தோலில்லாமல் கிடக்கிறான்.
"சம்பங்கி, இந்த வாட்டி தப்பில்லாம எழுதுய்யா.
அவருக்கு நெசப் பேருதான். அப்பன் ஆசையா வெச்சது."
எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

கருவறைக்குள் ஏப்பம் கேட்கத் தொடங்கியிருந்தது.
மைக்கூட்டில் மை காய்ந்து
கட்டியாய்க் கிடந்தது.
ஊரில் வேறு தண்ணீர் இல்லை.
இருநூற்றுப் பன்னிரண்டைத் தேடி எடுத்து
மெழுகைச் சுரண்டினேன்.